அனுமதியின்பேரில் குடியிருப்பவள்

பாலாஜி,

உன் அப்பாவின் வருஷத் திதியன்று, சாப்பிட்ட இலைகளை எடுத்து முடிப்பதற்குள் நீ ஒரு பிளாஸ்டிக் ஃபைலை என் மடியில் வைத்தாய். "பட்டாவுல பேர் மாத்தணும்மா. ஒரே ஒரு கையெழுத்து. திங்கக்கெழம டோக்கன் போட்டுக்கீறேன்" என்றாய். உன் ஒன்றுவிட்ட சித்தப்பாவும் பங்காளிகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை பொறுப்பாக இருக்கிறான் என்று ஒருவர் தலையைக்கூட ஆட்டினார். நான் அப்போது வாயைத் திறக்கவில்லை. செத்தவருக்குப் படைத்த வீட்டில் சத்தம் போடக் கூடாது என்று பொறுத்துக்கொண்டேன். இப்போது பொறுக்கப்போவதில்லை. பலர் பார்க்க நீட்டிய காகிதத்துக்குப் பலர் படிக்கும்படியாகவே பதில் எழுதுகிறேன். இதில் உனக்கு மானக்குறைவு என்றால், பங்காளிகள் நடுவில் அதை நீட்டும்போதே அதை நினைத்திருக்க வேண்டும்.

ஃபைலுக்கு முன்னால் இன்னொன்றும் செய்தாய். உள்ளே போய் ஒரு தட்டை எடுத்து வந்தாய். பட்டுப்புடவை, வெற்றிலை பாக்கு, பூ, மஞ்சள், குங்குமம். ரேவதியைக் கூப்பிட்டு அவள் கையில் கொடுத்தாய். உன் தங்கைக்கு ஒரு முழம் பூ வாங்கித் தர வேண்டும் என்று இத்தனை வருஷத்தில் உனக்குத் தோன்றியதில்லை. திதி அன்று தோன்றியது. அந்தத் தட்டைப் பார்த்ததுமே ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எப்படித் தெரிந்தது என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அதைச் சொல்லும்போது என் யோக்கியதையும் வெளியே வரும். வரட்டும்.

நீ கொடுத்த நகலை மூன்று முறை படித்தேன். அது பட்டாவில் பெயர் மாற்றுவதற்கான காகிதம் இல்லை. அதற்கு வாரிசுச் சான்றும் இறப்புச் சான்றும் மனுவும் போதும். பட்டா என்பது நிலத்துக்குத் தீர்வை கட்டுகிறவர் யார் என்று அரசாங்கம் வைத்திருக்கும் பதிவு. பட்டாவில் பெயர் ஏறினால் சொத்தே கைக்கு வந்துவிட்டது என்று நம் பக்கத்தில் பாதிப் பேர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நீயும் அப்படி நினைத்துத்தான் சொன்னாய் என்றால் மன்னித்திருப்பேன். ஆனால் நீ கொடுத்தது விடுதலைப் பத்திரம். முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இருக்கிறது. உன் அப்பா உயில் எழுதாமல் போனதால் அவருடைய மனையும் வீடும் எனக்கும் உனக்கும் ரேவதிக்கும் சமமாக வந்திருக்கின்றன. பிரிபடாத பாகம் என்பார்கள். எந்தச் சுவர் யாருடையது என்று பிரிக்கவில்லை, ஆனால் ஒவ்வொரு செங்கல்லிலும் மூன்று பேருக்கும் பாத்தியம் உண்டு. அதில் எங்கள் இரண்டு பேருடைய பாத்தியத்தையும் 'மறுபயன் ஏதுமின்றி, அன்பின் காரணமாக' உனக்கு விட்டுக்கொடுக்கிறோம் என்று எழுதியிருக்கிறாய். மறுபயன் ஏதுமின்றி என்றால் பதிலுக்கு எதுவும் வாங்கிக்கொள்ளாமல் என்று அர்த்தம். புடவை கணக்கில் வராது. அன்பு என்று எழுதினாயே, யாருடைய அன்பு, யாரைக் கேட்டு எழுதினாய்?

இதையெல்லாம்கூட நான் தாங்கியிருப்பேன். நாலாம் பக்கத்தைத்தான் தாங்க முடியவில்லை. 'தாயார் மேற்படி வீட்டில் மகனின் அனுமதியின்பேரில் குடியிருந்து வரலாம்.' இந்த வரியைப் படித்துவிட்டு ஃபைலை மூடி அரிசி டப்பாவின்மேல் வைத்தேன். பிறகு அது அங்கே இருப்பதுகூடப் பொறுக்காமல் குளியலறைப் பரணில் தூக்கிப் போட்டேன். போனில் கேட்டேன். நீ சிரித்தாய். "அது சும்மா பத்திரம் எழுதறவன் போடற வார்த்தமா. உன்னைப் போயி யாரு வெளிய அனுப்பப்போறான்?" என்றாய். சும்மா போடுகிற வார்த்தை இல்லை, அதற்கு அர்த்தம் இருக்கிறது என்றேன். "இன்னா நீ, ஜெராக்ஸ் மிஷின்ல படிச்சி வக்கீல் ஆயிட்டியா?" என்றாய். பக்கத்தில் உன் பெண்டாட்டி சிரித்ததும் கேட்டது.

ஆமாம், ஜெராக்ஸ் மிஷினில்தான் படித்தேன். எட்டாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டார்கள். வயல் முழுக்கத் தொழிற்பேட்டைக்குப் போன பிறகு, பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையில் பதினோரு வருஷம் நின்றேன். அப்போது ஒரகடத்திலிருந்து இந்தப் பக்கம் ஓர் அடி மண் விடாமல் கை மாறிக்கொண்டிருந்தது. மூலப் பத்திரம், கிரயம், பாகப்பிரிவினை, செட்டில்மென்ட், பவர் என்று எல்லாம் என் கை வழியாகத்தான் போயின. மிஷின் சூடாகி நிற்கும் நேரத்தில் படிப்பேன். புரியாத வார்த்தையை உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு போய், மரத்தடியில் பெட்டி வைத்து உட்கார்ந்திருந்த பத்திர எழுத்தர் ஐயாவிடம் கேட்பேன். "உனக்கு இன்னாத்துக்குமா இதெல்லாம், காபி எடுத்துக் குடுத்துட்டுப் போ" என்று விரட்டுவார். அடுத்த நாளும் போவேன். அதற்கடுத்த நாளும் போவேன். என் பிடிவாதம் தாங்காமல்தான் சொல்லிக்கொடுத்தார். அந்தக் கடைச் சம்பளத்தில்தான் உனக்கு டிப்ளமோ வந்தது. அதையும் சேர்த்துச் சிரித்துக்கொள்.

அங்கே நான் கற்ற வார்த்தைகளில் ஒன்றுதான் இந்த அனுமதி. ஒரு வீட்டில் ஒருத்தி ஆயுள் வரை இருக்கலாம் என்று உரிமை எழுதிக் கொடுத்தால், வீட்டை யாருக்கு விற்றாலும் அவள் கண் மூடும்வரை அவளை யாரும் எழுப்ப முடியாது. அனுமதி என்று எழுதினால் அப்படி இல்லை. கொடுத்தவன் எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அவளுக்கு அந்த வீட்டில் எந்தப் பாத்தியமும் கிடையாது. இருக்கிறாள், அவ்வளவுதான். இரண்டும் ஒரே கட்டிலில்தான் படுக்க வைக்கின்றன. காலி பண்ணச் சொல்லும் நாள் வரும்வரை வித்தியாசம் தெரியாது. அந்த நாளை நான் பார்த்திருக்கிறேன். காலி பண்ணச் சொன்னவளே நான்தான்.

உன் கன்னியம்மா அத்தையை உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. உன் அப்பாவின் ஒரே தங்கை. இப்போது குன்றத்தூரில், மலைக்கோயிலுக்குப் போகும் தெருவில், ஒற்றை அறையில் இருக்கிறாள். அவளைப் பற்றி நம் வீட்டில் யாரும் பேசுவதில்லை. பேச விடாமல் பார்த்துக்கொண்டதும் நான்தான்.

பென்னலூரில் நாம் இருக்கிற இந்த மனை உன் தாத்தா சொந்தமாகச் சம்பாதித்து வாங்கியது. அவர் மனைவிக்குப் பிறகு அவரும் போனார். உயில் இல்லை. அப்படியென்றால் உன் அப்பாவுக்குப் பாதி, கன்னியம்மாவுக்குப் பாதி. நீ அப்போது மூன்றாம் வகுப்பு. கம்பெனிகள் வர ஆரம்பித்திருந்தன. பின்பக்கம் நான்கு அறை கட்டி வாடகைக்கு விட வேண்டும் என்று உன் அப்பா ஆசைப்பட்டார். வங்கியில் கடன் வேண்டுமென்றால் சொத்து ஒரே பெயரில் இருந்தால் சுலபம் என்றார்கள். நீ இன்று சொல்கிற அதே காரணம். வார்த்தைகூட மாறவில்லை. தங்கையிடம் எப்படிக் கேட்பது என்று உன் அப்பா இரண்டு வாரம் சாப்பாட்டில் கை வைக்காமல் உட்கார்ந்திருந்தார். "நீங்க சும்மா இருங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லி, தட்டில் புடவையும் பூவும் வைத்து எடுத்துக்கொண்டு அவள் புகுந்த வீட்டுக்குப் போனேன்.

வாசலிலேயே சிரித்தாள். "இன்னா அண்ணி, ஆடி கூட இல்ல, பொங்கலும் இல்ல, தட்டோட வந்துகீறீங்க?"

"உங்கண்ணன் அனுப்புனாரு. வூட்டுக்குப் பின்னால ரூம் கட்டறோம். உன் கையெழுத்து ஒண்ணு வேணுமாம்."

"எதுக்கு?"

"கடனுக்குத்தான். வூடு எங்க போவுது கன்னியம்மா? உங்கம்மா வூடு எப்பவும் உங்கம்மா வூடுதானே?"

அவள் மாமியார் உள்ளேயிருந்து, "படிச்சிப் பாத்துட்டுப் போடுடி" என்று குரல் கொடுத்தாள். கன்னியம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க அண்ணி தட்டு வச்சிக் கூப்புடறாங்க, நான் படிச்சிப் பாக்கணுமா?" என்றாள். நம் சனத்தில் இதுதான் பழக்கம். பிறந்த வீட்டுத் தட்டுக்கு முன்னால் கேள்வி கேட்கிற பெண்ணை யாரும் மதிப்பதில்லை. கேள்வி கேட்காமல் இருக்கத்தான் தட்டே வைக்கிறோம். அதைத் தெரிந்தேதான் எடுத்துப்போனேன்.

பதிவு அலுவலகத்தில் அதிகாரி முறைப்படிதான் கேட்டார். "இதுல உங்க பாகத்தை விட்டுக்குடுக்கறீங்க. முழுச் சம்மதத்தோடதான் கையெழுத்துப் போடறீங்களா?" அவள் அதிகாரியைப் பார்க்கவில்லை, என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். "ஆமாங்க" என்றாள். அந்தப் பத்திரத்தில், யாருடைய தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றி மனப்பூர்வமாக எழுதிக் கொடுத்தது என்று இருக்கிறது. என் தலையாட்டலை எந்தப் பத்திரத்திலும் எழுதவில்லை. வெளியே வந்து பிரியாணி சாப்பிட்டோம். கூடவே வந்திருந்த உனக்கு அவள் இலையிலிருந்த முட்டையை வைத்தாள்.

ஐந்து வருஷம் கழித்து அவள் புருஷன் இறந்துபோனான். குழந்தையும் இல்லை. புகுந்த வீட்டில் இருக்க முடியாமல் ஒரு பெட்டியோடு வந்தாள். "எத்தினி நாள் வேணா இரு கன்னியம்மா, யாரு வேணான்னா?" என்றேன். அப்படிச் சொன்னதில் எனக்குப் பெருமையாகவே இருந்தது. பின்பக்கத்தில் கடைசி அறையைக் கொடுத்தோம். இரண்டு வருஷம் இருந்தாள். உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாள், ரேவதிக்குத் தலை வாரினாள். பிறகு கம்பெனி வேன் நம் தெரு முனைவரை வர ஆரம்பித்தது. ஷிப்டுக்குப் போகிற பையன்கள் அறை கேட்டு வாசலில் நின்றார்கள். மற்ற மூன்று அறையும் நிறைந்துவிட்டது. நான்காவதில் ஒரே ஒருத்தி. அது என் கண்ணை உறுத்தியது. ஒரு காலையில் அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது போய், அறையைக் காலி பண்ணித் தரச் சொன்னேன். கையிலிருந்த துணியை மடித்தாள். "இந்த ரூமுக்கு நான் இன்னா ஆவணும் அண்ணி?" என்று கேட்டாள்.

எனக்கு அதற்குப் பதில் தெரியவில்லை. தெரியாத ஆத்திரத்தில், "நாங்க பாத்து வச்சதுனாலதானே இத்தினி நாள் இருந்தே?" என்றேன். போவதற்கு முன்னால் அவள் அறையைப் பெருக்கி, குப்பையை அள்ளிக் கொட்டி, துடைப்பத்தை மூலையில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். உன் அப்பா அன்று சீக்கிரமே சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். இருட்டிய பிறகுதான் வந்தார்.

கடையில் சேர்ந்த மூன்றாவது வருஷமோ நாலாவது வருஷமோ, ஒரு கட்டிட வழக்கின் காகிதங்கள் நகலுக்கு வந்தன. ஒருவர் இடத்தில் அவருடைய அனுமதியின்பேரில் மட்டும் குடியிருப்பவருக்கு அந்த இடத்தில் பாத்தியம் எதுவும் உண்டாகாது என்று எழுதியிருந்தது. மிஷின் ஓடிக்கொண்டிருந்தது, நான் அடுத்த தாளை வைக்கவில்லை. வெளிச்சம் வெறும் கண்ணாடிக்கு அடியில் போய் வந்துகொண்டிருந்தது. அவள் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். பாதி மனைக்குச் சொந்தக்காரியை ஒரு புடவைக்கு அனுமதிக்காரி ஆக்கினோம், பிறகு அனுமதியையும் எடுத்துக்கொண்டோம். அடுத்த வாரம் நம் மனைக்கு வில்லங்கச் சான்று போட்டு வாங்கினேன். சொத்தின்மேல் நடந்ததையெல்லாம் வரிசையாகக் காட்டும் காகிதம் அது. அவள் பெயர் ஒரே ஒரு வரியில் இருந்தது. விடுதலை, எழுதிக் கொடுத்தவர் கன்னியம்மா, எழுதி வாங்கியவர் உன் அப்பா. பிரியாணியும் துடைப்பமும் அதில் இல்லை.

உன் அப்பாவிடம் காட்டினேன். "போனது போச்சு. கெளறாதே. பொண்ணு கல்யாணத்துக்கு நிக்குது" என்றார். நானும் விட்டுவிட்டேன். முதலில் செய்தது தெரியாமல் செய்தது என்று வாதாடலாம். இந்த மௌனத்துக்கு வாதம் இல்லை. அர்த்தம் தெரிந்த பிறகும் பத்து வருஷத்துக்கு மேலாக, அவளிடம் வாங்கிய மனையில் வாடகை வாங்கிச் சாப்பிட்டேன். நீயும் அதில்தான் வளர்ந்தாய்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டு மாடி எழுப்பி அறைகள் கட்ட வேண்டும், கம்பெனி லைனில் இருக்கிற வேலை எப்போது வேண்டுமானாலும் போகலாம், ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பார்களோ இல்லையோ என்கிறாய். உன் பயம் எனக்குப் புரியாமல் இல்லை. கட்டு. ஆனால் மூன்று பெயர் இருந்தால் கடன் வராது என்பது பொய். மூன்று பேரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு அடமானம் வைத்தால் கொடுப்பார்கள். நானே வங்கிக்குப் போய்க் கேட்டுவிட்டு வந்தேன். மேலாளர் நாற்காலி போட்டு உட்கார வைத்துப் பதில் சொன்னார். உனக்கு வேண்டியது கடன் இல்லை, நாங்கள் இரண்டு பேரும் இல்லாத ஒரு பத்திரம். ரேவதியைக் கேட்டால், "அண்ணன் கேக்குதும்மா, தட்டு வாங்கிட்டு எப்பிடி இல்லன்றது?" என்கிறாள். அவளும் கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறவள்தான். ஒவ்வொரு தாளையும் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலைதான் அங்கே அவளுக்கு. அண்ணன் நீட்டினால் மட்டும் படிக்கமாட்டாளாம். படப்பையில் அவள் வீட்டுக்கே போய், எதிரில் உட்கார்ந்து நாலு பக்கத்தையும் சத்தமாகப் படிக்க வைத்தேன். நாலாம் பக்கத்தில் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். அர்த்தம் தெரிந்த பிறகும் அவள் பாகத்தை உனக்குக் கொடுக்க நினைத்தால் அது அவள் இஷ்டம். ஆனால் அந்தப் புடவையை நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அது என் அலமாரியில் இருக்கிறது. வேறு நல்ல நாளில், காகிதம் எதுவும் இல்லாத நாளில் வந்து அவளுக்குக் கொடு.

என் பாகத்தை உனக்குத் தரமாட்டேன். அதைக் கன்னியம்மாவுக்கு எழுதப்போகிறேன். அவளிடம் எடுத்தது இரண்டில் ஒன்று, என்னிடம் இருப்பது மூன்றில் ஒன்று. ஈடாகாது, தெரியும். என் கையில் அவ்வளவுதான் இருக்கிறது. முந்தாநாள் இதைச் சொல்லக் குன்றத்தூருக்குப் போனேன். கதவைத் திறந்தவள் என் இரண்டு கைகளையும் பார்த்தாள். "இன்னா அண்ணி, வெறுங்கையோட வந்துகீறீங்க? தட்டு எங்க?" என்றாள். இத்தனை வருஷம் கழித்து அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை அது. எனக்கு அது வேண்டும்தான்.

உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு, "எனக்கு வேணாம். அந்த ஆபீஸ் படியை நான் மறுபடி ஏற மாட்டேன். அன்னிக்கும் நீங்கதான் வந்து சொன்னீங்க, இன்னிக்கும் நீங்கதான் வந்து சொல்றீங்க. நான் இன்னா, நீங்க சொன்னா குடுக்கவும் சொன்னா வாங்கவுமா கீறேன்?" என்றாள். பேச்சில் என்னை யாரும் மடக்கியதில்லை என்று உனக்குத் தெரியும். அவள் மடக்கினாள்.

அதில் ஒரு சட்டமும் இருக்கிறது, கேட்டுக்கொள். தானமாக ஒன்றை எழுதிவைத்தால், வாங்குகிறவர் ஏற்றுக்கொண்டால்தான் அது செல்லும். கொடுக்கிறவள் எவ்வளவு பிடிவாதக்காரியாக இருந்தாலும் ஏற்காதவள் தலையில் கட்ட முடியாது. அவளிடமிருந்து எடுப்பதற்கு என் ஒரு தலையாட்டல் போதுமாக இருந்தது. திருப்பித் தருவதற்கு அவள் சம்மதம் வேண்டும். அந்தச் சம்மதத்தைக் கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை, அவளே சொல்லிவிட்டாள். ஆனால் உன்னைப் பற்றி விசாரித்தாள். "பாலாஜி இன்னும் கண்ணாடி போட்டுகினுதான் இருக்கானா?" என்று கேட்டாள். நீ ஒன்பதாம் வகுப்பில் கண்ணாடி போட்டது அவளுக்கு ஞாபகம் இருக்கிறது.

அதனால் நீ போ. திங்கட்கிழமைக்கு முன்னால் உனக்கு ஒரு வாராந்திர விடுமுறை வருகிறது. பெண்டாட்டியை அனுப்பாதே, அந்தத் தவறு இந்த வீட்டில் ஒருமுறை நடந்தது போதும். நீயே போ. நாலாம் பக்கத்தை அவளிடம் படித்துக் காட்டு. உன் அம்மாவுக்கு நீ எழுதியது இதுதான் என்று சொல். அவள் சிரித்தால் கேட்டுக்கொள், திட்டினாலும் கேட்டுக்கொள். பிறகு, திங்கட்கிழமை பதிவுக்கு வருகிறாயா அத்தை என்று கேள். வரமாட்டேன் என்றால் திரும்பி வா, அடுத்த வாரம் மறுபடி போ.

திங்கட்கிழமைக்கு நானும் ஒரு டோக்கன் போட்டிருக்கிறேன். என் பாகத்தை அவளுக்குத் தானமாகத் தரும் செட்டில்மென்ட் பத்திரம் எழுதி வைத்தாகிவிட்டது, நானே வாசகம் சொல்லி எழுதவைத்தது. அதில் அனுமதி என்ற வார்த்தை எங்கேயும் இல்லை. காலை பத்து மணிக்கு அலுவலகத்து வாசலில் உட்கார்ந்திருப்பேன். அவள் வந்தால் என் பாகத்தை அவள் பெயரில் பதிவு செய்வேன், பிறகு உன் மாடிக் கடனுக்கு யார் யார் கையெழுத்து வேண்டுமோ அவரவரிடம் நீ கேட்டுக்கொள். வராவிட்டால் டோக்கனைத் தள்ளிப் போட்டுவிட்டு வீட்டுக்கு வருவேன், அடுத்த திங்கட்கிழமையும் போவேன். உன் ஃபைல் இன்னும் பரணில்தான் இருக்கிறது. அதற்காக நீ இங்கே வர வேண்டாம். குன்றத்தூருக்குப் போ. போகும்போது பழம் பூ எதையும் வாங்கிக்கொண்டு போகாதே. தட்டு இல்லாமல் போ.

உன் அம்மா
பென்னலூர்